நாய் ஜாக்கிரதை

வீட்டு வாசல்களில் தொங்கும் பலகைகளுக்குள்ளே விசித்திரமானது "நாய் ஜாக்கிரதை" என்னும் பலகைதான். வைத்தியர் பலகை போட்டால், "உள்ளே வாருங்கள், நோய் தீரும்" என்று அர்த்தம். வக்கீல் பலகை போட்டால், "உள்ளே வாருங்கள், வழக்கு தீரும், அல்லது வளரும்" என்று அர்த்தம். நாய் வளர்ப்பவர் மாட்டும் பலகைக்கு என்ன அர்த்தம்? "என் வீட்டில் ஓர் அபாயம் வளர்கிறது, அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனிடமிருந்து தப்பித்துக் கொள்வது உங்கள் சாமர்த்தியம்" என்பதுதானே?

இந்தப் பலகையைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்க நேர்ந்த இடம் அடி அண்ணாமலை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பௌர்ணமியன்று நண்பர் ஒருவருடன் திருவண்ணாமலையில் கிரிவலம் வந்து கொண்டிருந்தேன். நண்பர் என்னை விட மூத்தவர். ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தாவாயிருந்து ஓய்வு பெற்றவர். பார்ஸல் மூட்டைகளுக்கும் மேலதிகாரிகளுக்கும் நடுவே முப்பது வருஷம் நின்று சமாளித்தவர். எதற்கும் பயப்படுகிறவர் அல்ல. மலையைச் சுற்றி வரும் பாதை சுமார் 14 கிலோமீட்டர். மலைக்கு மேற்கே, பாதி வழிக்கு வந்துவிட்டோம் என்று கால்கள் அறிவிக்கும் இடத்தில், அடி அண்ணாமலை கிராமம் இருக்கிறது. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், மாணிக்கவாசகருக்கு ஒரு கோயிலும் அங்கே உண்டு. நிலா வெளிச்சத்தில் மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

பாதையோரத்தில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து, சோம்பல் முறித்து, எங்களை நோக்கி வந்தது. அவ்வளவுதான். நண்பர் சட்டென்று என் பின்னால் போய் நின்றுகொண்டு என் கையை இறுகப் பிடித்தார். அவருடைய விரல்கள் நடுங்கின. நாயோ எங்களை முகர்ந்து பார்த்து, தின்பதற்கு ஒன்றும் தேறாது என்று தீர்மானித்துத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டது.

"என்ன அண்ணா இது? சற்று முன்புதானே ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாயின் சமாதியைப் பார்த்துக் கும்பிட்டீர்கள்?" என்றேன்.

கோயிலுக்கு எதிரில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தோம். அவர் தம்முடைய தெருவின் கதையைச் சொன்னார். அவருடைய ஊர் திருவண்ணாமலைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது; அதன் பெயர் இங்கே அவசியமில்லை. இந்தக் கதை எல்லா ஊர்களுக்கும் பொருந்தும்.

அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன் இரண்டு நாய்க்குட்டிகள் வாங்கி வந்தார். ஒன்றின் பெயர் டைகர். மற்றதன் பெயர் ராக்கி. குட்டிகளாயிருந்தபோது தெருக் குழந்தைகளெல்லாம் அவற்றைத் தூக்கிக் கொஞ்சினார்கள். வளர்ந்த பிறகு, பகலெல்லாம் முழ நீளச் சங்கிலியில் கட்டிக் கிடந்தன. மாலையில் அவிழ்த்துவிட்டால், அன்று முழுவதும் அடங்கிக் கிடந்த கோபத்தையெல்லாம் தெருவில் போகிறவர்கள் மேல் காட்டின. முதலில் பால்காரர். பிறகு பத்திரிகை போடும் பையன். மூன்றாவதாக, நண்பரின் ஏழு வயதுப் பேத்தி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கொண்டிருந்தவளைக் கீழே தள்ளிக் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது டைகர்.

"அடுத்த வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"'குழந்தை ஓடியிருப்பாள், ஸார், ஓடாமல் நின்றால் எங்கள் டைகர் ஒன்றும் செய்யாது' என்றார். பலகையைக் காட்டி, 'அதுதான் எழுதிப் போட்டிருக்கிறேனே' என்றும் சொன்னார்."

"அதிகாரிகள்?"

"உள்ளூர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன், தம்பி. 'தெரு நாயென்றால் எங்கள் வேலை. இது வளர்ப்பு நாய். போலீஸுக்குப் போங்கள்' என்றார்கள். போலீஸுக்குப் போனேன். 'நாய் விவகாரமெல்லாம் அந்த அலுவலகத்தைச் சேர்ந்தது. அடுத்த வீட்டாரோடு சமாதானமாகப் போங்கள்' என்றார்கள். நாய்கள் இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட எலும்பு போல ஆகிவிட்டேன்."

சற்று மௌனமாயிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தினம் காலையில் பேத்தி கேட்கிறாள்: 'தாத்தா, அந்த வீட்டு வழியாகப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி இருக்கிறதா?' என்று. வேறு வழி இல்லை. போன வாரம் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். கறித்துண்டில் கலந்து வைத்துவிட்டால் ஒரே ராத்திரியில் காரியம் முடிந்துவிடும். அதைச் செய்வதா வேண்டாமா என்று கேட்கத்தான் மலையைச் சுற்ற வந்தேன்."

நேயர்களே! நண்பர் சாது. பாம்பைக் கண்டாலும் அடிக்கவிடாமல் தடுக்கிறவர். அப்பேர்ப்பட்டவரை விஷப் பொட்டலம் வாங்கும்படி செய்தது நாயல்ல. நாலு தடவை நடந்தும் திறக்காத கதவுகள்தாம்.

"அண்ணா! முதலில் அந்தப் பொட்டலத்தை யார் கைக்கும் எட்டாதபடி ஒழித்துவிடுங்கள்" என்றேன். விஷம் வைத்துப் பிராணியைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தெருவில் வைத்த கறித்துண்டு டைகருக்குத்தான் போய்ச் சேரும் என்பது என்ன நிச்சயம்? பூனை தின்னலாம்; காக்கை தூக்கிப்போய் இன்னொரு வீட்டு முற்றத்தில் போடலாம்; தவழும் குழந்தை எடுக்கலாம். நாய் செத்தாலும் அடுத்த வீட்டுக்காரர் அடுத்த மாதமே இன்னொரு குட்டி வாங்குவார். குற்றவாளியாக நிற்பவர் நண்பராயிருப்பார். இரக்கத்துக்குரியவர் அடுத்த வீட்டுக்காரராகிவிடுவார்!

இன்னொன்றும் சொன்னேன். ரமண மகரிஷி தம்மைச் சுற்றியிருந்த பிராணிகளை "அது, இது" என்று சொல்லாமல் "அவன், அவள்" என்றே சொல்வது வழக்கம். ஸ்கந்தாசிரமத்தில் அவர் இருந்த காலத்தில் கமலா என்று ஒரு நாய் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அது வழிகாட்டியாகப் போய் இடங்களைக் காட்டிவரும் என்று அக்காலத்து அன்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கமலாவும் நாய்தான், டைகரும் நாய்தான். வித்தியாசம், வளர்த்தவர்களிடம் இருக்கிறது. முழ நீளச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டி வைப்பது நாய்க்கே செய்யும் கொடுமை. 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச் சட்டம் அதைக் குற்றமென்று சொல்கிறது. ஆகவே, அடுத்த வீட்டுக்காரர் மேல் நண்பர் கொடுக்கும் மனு, பேத்திக்காக மட்டுமல்ல, டைகருக்காகவும் கொடுக்கும் மனுதான்.

இதைக் கேட்டதும் நண்பருடைய முகத்தில் ஒரு மாறுதல் தோன்றியது. "அஹிம்சைக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்களே?" என்று கேட்டார்.

1926-ஆம் வருஷத்தில் ஆமதாபாத்தில் நடந்ததைச் சொன்னேன். ஆலை முதலாளி அம்பாலால் ஸாராபாய் தம் ஆலையைச் சுற்றித் திரிந்த அறுபது தெருநாய்களைக் கொல்லும்படி செய்தார். ஊரில் பெருங் கிளர்ச்சி உண்டாயிற்று. அவர் காந்திஜியிடம் வந்தார். வேறு வழி என்ன இருக்கிறது என்று காந்திஜி கேட்டுவிட்டார்! பிறகு அவருக்கு வந்த கண்டனக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. அவற்றுக்குப் பதிலாக "யங் இந்தியா"வில் தொடர்ந்து எழுதினார். கொல்வது பாவந்தான் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நாய்களை உடையவர் இல்லாமல் தெருவில் திரியவிட்டு, எப்போதோ ஒரு ரொட்டித் துண்டை எறிந்துவிட்டுத் தங்களைத் தயாளர்கள் என்று நினைத்துக் கொள்கிறவர்களையும் அவர் விடவில்லை. நாய்க்கு உடையவர் வேண்டும், உடையவருக்குப் பொறுப்பு வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். டைகருக்கு உடையவர் இருக்கிறார், பொறுப்புத்தான் இல்லை. அந்தப் பொறுப்பை அவருக்கு ஊட்டுவது அஹிம்சைக்கு விரோதமாகாது.

"சரி, எப்படி ஊட்டுவது?" என்றார் நண்பர்.

அன்று அவருக்குச் சொன்னதை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். நம்மில் யாருக்கும் எந்த நாளிலும் இது தேவைப்படலாம்.

முதலாவது, வாயால் சொன்னதைக் காகிதத்தில் எழுத வேண்டும். இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்னாரை உங்கள் நாய் கடித்தது. சுற்றுச் சுவரை உயர்த்துங்கள், கதவை மூடி வையுங்கள், வெளியே கொண்டு வரும்போது வாய்க்கூடு போட்டுக் கையில் பிடித்து வாருங்கள் என்று மரியாதையாக எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். காரணம் இருக்கிறது. தெரிந்தோ கவனக் குறைவாலோ, தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு அபாயமோ கொடுங்காயமோ நேராதபடி தக்க ஏற்பாடு செய்யாதவர், நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி குற்றவாளி. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இந்தச் சட்டம் 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதற்கு முன் பழைய பீனல் கோடில் 289-வது பிரிவாக இருந்தது. நம்முடைய கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, "எனக்குத் தெரியாது" என்று ஒருவரும் சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, வாசலில் தொங்கும் "நாய் ஜாக்கிரதை" என்னும் பலகையே, நாயின் குணம் உடையவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி! அதை ஒரு புகைப்படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, போலீஸ். 291-வது பிரிவு, மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸார் தாமே வழக்குப் பதியக்கூடிய குற்றம். "எங்கள் வேலையல்ல" என்று சொல்ல இடமில்லை. ஸ்டேஷனில் புகாரை ஏற்க மறுத்தால், அதே புகாரைத் தபாலில் ஜில்லா போலீஸ் சூப்பரின்டென்டுக்கு அனுப்பலாம். அங்கும் பலிக்காவிட்டால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகலாம்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாத வழி. பழைய கிரிமினல் புரொஸீஜர் கோடில் 133-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-வது பிரிவு. அபாயகரமான பிராணியை அடைத்து வைக்கும்படியோ, அப்புறப்படுத்தும்படியோ, வேறு வழியில்லாவிட்டால் கொல்லும்படியோகூட உத்தரவிட ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டுக்கும் கோட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கும் அதிகாரம் உண்டு. நமது ராஜ்யத்தில் கோட்ட மாஜிஸ்ட்ரேட் என்பவர் ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர். அவர் முதலில் நிபந்தனை உத்தரவு போடுவார்: "இத்தனை நாளைக்குள் இன்னது செய், இல்லாவிட்டால் நேரில் வந்து காரணம் சொல்" என்று. வந்து சொல்லாவிட்டால் உத்தரவு உறுதியாகிவிடும். மீறினால் தண்டனை உண்டு. இந்த மனுவைக் கொடுப்பதற்கு உள்ளூர் அலுவலகத்தின் தயவு வேண்டியதில்லை. யாருக்குக் கொடுப்பது என்று புரியாதவர்கள் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைப் பசுகூட அசைக்க முடிந்தது. நம்முடைய காலத்து மணிக்குக் கயிறு, அந்த மனு எண்தான்.

"மனு கொடுத்தும் தூங்கினால்?" என்றார் நண்பர்.

தகவல் உரிமைச் சட்டம் 2005-ஆம் வருஷம் முதல் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, "இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? அது இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டால் முப்பது நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு ஓர் அதிசய சக்தி உண்டு. இருக்கும் இடத்திலிருந்து காகிதம் உடனே நகரத் தொடங்கிவிடும்!

பணமில்லை, ஆளில்லை என்னும் சாக்கும் செல்லாது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊரில் திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காமல் ஜனங்கள் இதே 133-வது பிரிவின்கீழ் மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார்கள். அவர் முனிசிபாலிட்டிக்கு உத்தரவு போட்டார். முனிசிபாலிட்டி, "எங்களிடம் பணமில்லை" என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1980-ஆம் வருஷம் ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஒப்புக்கொள்ளவில்லை. மகாஜனங்களுக்குச் செய்யவேண்டிய கடமையைக் கஜானா காலி என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. சாமானிய ஜனங்கள் எழுதிய மனு அவ்வளவு தூரம் போயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

"கடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம், இப்போது சும்மா இருப்போம்" என்று நினைப்பவர்களுக்காக இரண்டு சம்பவங்களை ஞாபகப்படுத்துகிறேன். 2024-ஆம் வருஷம் மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ராட்வீலர் நாய்கள் இரண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குதறிவிட்டன. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். நாய்களின் உடைமைக்காரர் கைதானார். 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜாபர்கான்பேட்டையில் அக்கம்பக்கத்தார் வளர்த்த பிட்புல் நாய் ஒருவரைக் கடித்தே கொன்றுவிட்டது. இதனால் சில ஜாதி நாய்களைத் தடுக்க வேண்டுமென்று பேச்சு எழுந்திருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் இருபத்துமூன்று ஜாதிகளைத் தடுக்கச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையை, சம்பந்தப்பட்டவர்களைக் கலக்கவில்லை என்ற காரணத்தால், அடுத்த மாதமே கர்நாடக ஹைக்கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. அந்த விவாதம் எப்படியானாலும், 291-வது பிரிவு நாயின் ஜாதியைக் கேட்பதில்லை. சீமை நாயானாலும் கோம்பை நாயானாலும் உடையவருடைய கவனத்தைத்தான் அது கேட்கிறது.

சட்டத்துக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நாய் கடித்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதையும் அப்பக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசிக்குப் பணமில்லை. முதல் நாள் போட்ட பின் 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடியும் போடவேண்டும். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் செலுத்த வேண்டும். வளர்ப்பு நாய்தானே என்று தள்ளிப்போடக் கூடாது. வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. நமது தாத்தாக்கள் இதற்காகக் குன்னூருக்கு ரயிலேறினார்கள். அங்கே பாஸ்டர் நிலையம் 1907-இல் ஏற்பட்டது. வயிற்றில் பதினான்கு ஊசி என்ற பயங்கரம் அந்தக் காலத்தது. அந்தப் பழைய மருந்து நம் தேசத்தில் 2004-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. இப்போது கையில் சிறு குத்து. குழந்தைகள்கூடப் பொறுத்துக் கொள்கிறார்கள்.

பேசிக்கொண்டே மிச்ச வழியையும் நடந்து முடித்தோம். நண்பர் ஊருக்குப் போனார்.

நாலு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. பொட்டலத்தை ஒழித்துவிட்டார். ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பினார். அதன் பிறகு ஒரு மாதம் அடுத்த வீட்டார் அவரோடு பேசவில்லை. பால்காரரும், பத்திரிகைப் பையனின் தகப்பனாரும், தெருவில் பதினோரு வீட்டுக்காரர்களும் கோட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்குக் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வீட்டார் மட்டும், "நமக்கேன் வம்பு" என்று மறுத்துவிட்டார்கள். மூன்று முறை விசாரணை தள்ளிப்போயிற்று. கடைசியில் நிபந்தனை உத்தரவு வந்தது. அடுத்த வீட்டுக்காரர் ஆஜராகி, சுவரை உயர்த்தவும், வாய்க்கூடு போடவும், சங்கிலியை அவிழ்த்துக் கொல்லைப்புறத்தில் கம்பி வேலி அடைத்து நாய்களை உலவ விடவும் சம்மதித்தார். செய்தும் விட்டார். டைகர் முன்பு போல அவ்வளவு குரைப்பதில்லையாம்.

"ஆனாலும் தம்பி," என்று கடிதத்தின் முடிவில் எழுதியிருந்தார், "பேத்தி இன்னமும் அந்த வீட்டைத் தாண்டும்போது தெருவின் எதிர்ச் சாரியிலேதான் நடக்கிறாள். ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று இப்போது கேட்பதில்லை."

அடுத்த வீட்டு வாசலில் பலகை இன்னும் தொங்குகிறதாம். அதை எடுக்கச் சொல்லி நண்பர் கேட்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் படிக்கும் போதெல்லாம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டியவர் யார் என்பது இப்போது அந்த வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கிறது.